மரைக்குக் காது பெரிது: பாசிமணி மிருகங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

போன இதழில் நான் செய்த பாசிமணி மரையின் (கடமான் என்றும் சொல்வார்கள்) படம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் ஒரு பனையோலைப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன். நான் இருப்பது முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட. மணி கோக்கத் தொடங்கி இருபத்தேழு வருடம் ஆகிறது.

அக்கா, தங்கூசியில் (நைலோன் நூலில்) மணிப்பந்து கோக்கப் பழகுகிறேன். அதுதான் எல்லா மிருகத்துக்கும் தலை என்கிறார்கள். மூன்று தரம் செய்தும் பந்து வரவில்லை. பாதிக்கு மேல் போனதும் ஒரு பக்கம் சப்பையாகி, மற்றப் பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?
வாசகி, மல்லாவி

தங்கச்சி, உங்கள் படத்தை யன்னலடியில் வைத்துப் பார்த்தேன். மேல் பாதி வடிவாக வந்திருக்கிறது. கீழ்ப் பாதி தொடங்கும் இடத்தில்தான் பிழை. முழுப் பந்தையும் ஒருதரம் எண்ணிக்கொண்டே வருவோம், மற்றவர்களுக்கும் விளங்கும்.

பந்துக்கு 30 மணி. ஐந்து மணி வட்டங்கள் 12. ஒவ்வொரு மணியும் பக்கத்துப் பக்கத்து இரண்டு வட்டங்களுக்கும் பொது, அதனால்தான் 60 தேவைப்படும் இடத்தில் 30 போதும். ஒன்றரை முழம் தங்கூசி வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து மணி கோத்து, ஐந்தாவது மணிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கத்தால் விட்டு இழுங்கள். இது நடு வட்டம். இதைச் சுற்றி ஐந்து இதழ். முதல் இதழுக்கு 4 புது மணி கோத்து, நாலாவதுக்குள் மற்ற முனையையும் எதிராக விட வேண்டும். அடுத்த மூன்று இதழுக்கும் ஒரு முனையை நடு வட்டத்தின் அடுத்த மணிக்குள் விட்டுவிட்டு, மற்ற முனையில் 3 புது மணி கோத்து, கடைசி மணிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிராக விட வேண்டும். கடைசி இதழ் முதல் இதழையும் தொடுவதால் அதற்கு 2 போதும். இதுவரை 20 மணி. கையில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும்.

கீழ்ச் சுற்றும் ஐந்து வட்டம்தான். புது மணிகள் 3, 2, 2, 2, 1. கடைசியாகத் திறந்து நிற்கும் ஐந்து மணிகளுக்குள்ளும் தங்கூசியை ஒரு சுற்று விட்டு இறுக்கினால் பந்து மூடும். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு கோப்பாள்: ஐந்து, நாலு, மூன்று மூன்று மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு இரண்டு இரண்டு, ஒன்று. பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். கிண்ணத்தின் விளிம்பில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு மணி நிற்கும், மொத்தம் 10. கீழ்ச் சுற்றின் ஒவ்வொரு வட்டமும் விளிம்பிலிருந்து இரண்டு மணி எடுக்கும். அந்த இரண்டையும் நீங்கள் ஒரே இதழிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஓர் இதழின் கடைசி மணியும் அடுத்த இதழின் முதல் மணியுமாக எடுக்க வேண்டும். இதழும் இதழும் சந்திக்கிற பள்ளத்தில் புது வட்டம் உட்கார வேண்டும். ஓட்டு வீட்டில் இரண்டு ஓட்டுக்கு நடுவில்தானே அடுத்த வரிசை ஓடு வரும், அதே மாதிரி. இதைத் திருத்தினால் பந்து வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிருகம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஐந்து மணி வட்டங்களாகவே கோத்தால் வேலை வளைந்து உருண்டையாகும். ஆறு மணி வட்டங்களாகவே கோத்தால் பாய் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். ஏழு மணி வட்டம் போட்ட இடம் சைக்கிள் சீற் மாதிரி எதிர்ப்பக்கம் வளையும். தலை, பின்பக்கம், முழங்கால் எல்லாம் ஐந்து. வயிறும் முதுகும் ஆறு. கழுத்து உடம்போடு சேருகிற இடம், காலுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள கவட்டுப் பகுதி ஏழு. எங்கே எந்த எண் என்று விளங்கிவிட்டால் பஞ்சு அடைக்காமலே உருவம் நிற்கும். ஒரு முழு உருவத்தை ஐந்தும் ஆறுமாக மட்டும் மூடி முடித்தால் அதில் ஐந்து மணி வட்டம் சரியாக 12 இருக்கும், உருவம் எவ்வளவு பெரிதானாலும். ஏழு ஒன்று போட்டால் எங்கேயாவது ஐந்து ஒன்று கூடப் போட வேண்டும். முதன்முதல் நானாகவே எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிறகு எங்கள் ஊர்க் கணித ரீச்சரிடம் கேட்டேன். இது ஒயிலர் என்ற கணித அறிஞரின் விதியிலிருந்து வருவது என்று கொப்பியில் கீறிக் காட்டினா.

கம்பியில் கோப்பது நல்லதா, தங்கூசியில் கோப்பது நல்லதா? எந்த நம்பர் மணி வாங்க வேண்டும்?
வாசகி, வவுனியா

நம்பர் கூடக் கூட மணி சின்னனாகும், இதை முதலில் மனதில் வையுங்கள். 6ஆம் நம்பர் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர், 8ஆம் நம்பர் 3, 11ஆம் நம்பர் 2, 15ஆம் நம்பர் ஒன்றரை. பழகுகிறவர்களுக்கு 8. கை பழகிய பிறகு 11. நான் 15ஐக் கண்ணுக்கும் நகத்துக்கும் மட்டும் பாவிப்பேன். நிறுத்து வாங்கினால் 11ஆம் நம்பரில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 மணி வரும். வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பிப் பாருங்கள். ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது, ஒன்று துளையே இல்லாதது என்று இருந்தால் மாலைக்குச் சரி, மிருகத்துக்குச் சரிவராது. நாங்கள் கொழும்பு போகிறவர்களிடம் புறக்கோட்டையில் வாங்கிவரச் சொல்லி விடுவோம்.

தங்கூசியில் உருண்டையான மிருகம் நன்றாக வரும். கால் கையை மடக்கி நிறுத்த வேண்டிய மிருகத்துக்குக் கம்பி. நான் தொடங்கியதே கம்பியில்தான். அது பொருளாதாரத் தடை இருந்த காலம். வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, தைனமோவில்தான் ரேடியோ கேட்போம். பழுதான தைனமோ ஒன்றை அண்ணா கழற்றினபோது உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியை வாங்கிக்கொண்டேன். அம்மாவின் பழைய மணிப்பை ஒன்று கிழிந்து கிடந்தது, அதிலிருந்து மணி. அந்த மணிகளையே கோத்து அவிழ்த்து, கோத்து அவிழ்த்து, ஒரு வருடத்தில் எத்தனையோ மிருகம் செய்தேன். முடிந்த மிருகம் என்று ஒன்றும் வீட்டில் மிஞ்சவில்லை, ஆனால் கை பழகிவிட்டது. இன்றைக்கு 28 கேஜ் கம்பி கடையில் வாங்கலாம், 0.32 மில்லிமீற்றர் தடிப்பு. 11ஆம் நம்பர் மணிக்கு அது போதும்.

கம்பி முறைக்கு முதலை நல்ல தொடக்கம். ஒரு வரிசை மணியைக் கம்பியின் ஒரு முனையில் கோத்து, மற்ற முனையை அதே மணிகளுக்குள் எதிர்ப்பக்கத்தால் விட்டு இழுப்பதுதான் வேலை. முதல் வரிசை பச்சை, அது மேல். இரண்டாவது வெளிர் மஞ்சள், அது கீழ். மூன்றாவது மேல், நாலாவது கீழ். ஒவ்வொரு வரிசையையும் இறுக்கியவுடன் மேல் வரிசையை நகத்தால் மேலேயும், கீழ் வரிசையைக் கீழேயும் தள்ளிவிட வேண்டும். முடிவில் தள்ளலாம் என்று விட்டால் சப்பை முதலைதான் கிடைக்கும், இறுகின கம்பி பிறகு விட்டுக்கொடுக்காது. புத்தகங்களில் மூக்கை 1 அல்லது 2 மணியில் தொடங்கச் சொல்வார்கள். எங்கள் குளத்து முதலைக்கு மூஞ்சி அகலம். 3 மணியில் தொடங்குங்கள்.

எங்கள் தென்னங்கன்றுகள் முழுவதையும் போன மாரியில் யானை முறித்துவிட்டது. மகளோ யானைதான் செய்வேன் என்று பிடிவாதம். படத்தைப் பார்த்துச் செய்கிறாள், ஆனால் எங்கள் யானை மாதிரி வரவில்லை என்று அழுகிறாள். என்ன சொல்லிக் கொடுப்பது?
ஒரு தாய், ஒட்டுசுட்டான்

கன்றுகளை இழந்த வீட்டுக் கவலை எனக்குத் தெரியும் அம்மா. எங்கள் வேலிக்கும் இரண்டு தரம் வந்தது. அப்படியிருந்தும் பிள்ளை யானையை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறாள் என்றால் அவளைச் செய்ய விடுங்கள்.

அவள் பார்க்கிற படம் ஆபிரிக்க யானையினுடையதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு முறைப்படங்கள் பல அப்படித்தான். அந்த யானைக்குக் காது தோளை மூடும், முதுகு நடுவில் பள்ளம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம். எங்கள் யானைக்குக் காது சின்னது, நெற்றியில் இரண்டு மேடு, முதுகு மேல்நோக்கி வளைந்தது. தந்தம் போடவே வேண்டாம். இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம் இருக்கிறது. காதின் விளிம்பிலும் தும்பிக்கையின் மேற்பகுதியிலும் எங்கள் யானைகளுக்கு நிறம் வெளுத்து ரோஸ் புள்ளிகள் இருக்கும். சாம்பல் மணிகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு மங்கல் ரோஸ் மணி போடச் சொல்லுங்கள். அதைப் போட்டதும் யானை அவளைத் திரும்பிப் பார்க்கும்.

நெற்றி மேடு இரண்டுக்கும் ஐந்து மணி வட்டம் ஒவ்வொன்று, நடுப் பள்ளத்துக்கு ஏழு ஒன்று. தும்பிக்கை நாலு மணி வட்டங்களால் செய்த குழல்.

என் மரையும் முதல் தரம் புள்ளிமான் மாதிரித்தான் வந்தது. உயரமும் நிறமும் சரி, கொம்பும் சரி, ஆனாலும் மரை இல்லை. ஒரு பின்னேரம் குளக்கரையில் தண்ணீர் குடிக்க வந்த ஒன்றை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுதான். தலையின் அளவுக்குக் கிட்டத்தட்ட அரைவாசி காது, அதுவும் இரண்டும் இரண்டு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பழைய காதுகளை வெட்டிவிட்டு, 9 மணி நீளத்துக்கு இரண்டு காது புதிதாகக் கோத்தேன். ஒரு காது முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான்.

எனக்கு வயது 62. ஆசை இருக்கிறது, கண் தெரியவில்லை.
வாசகி, பரந்தன்

6ஆம் நம்பர் மணியில் செய்யுங்கள் அம்மா. விடிய வெயில் ஏறுவதற்கு முன் முற்றத்து வெளிச்சம் மிக நல்லது. மணியைத் தட்டில் போடாமல் துவாயில் பரப்புங்கள், உருளாது. கறுப்பு மணிக்கு வெள்ளைத் துவாய், வெள்ளை மணிக்குக் கறுப்பு. தங்கூசியின் முனையைச் சரிவாக நறுக்கினால் ஊசியே தேவையில்லை.

இது வெளிநாட்டுக் கலை, நமக்கு என்ன தொடர்பு என்று என் மாமா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
மாணவி, கிளிநொச்சி

மாமாவை மாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், திருக்கேதீச்சரக் கோயிலடி. பழைய மாதோட்டத் துறைமுகம் அது. 1980களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அகழ்வாய்வில் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று ஒற்றை நிற மணிகள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் தென்கிழக்காசியத் துறைமுகங்களிலும் இதே வகை கிடைத்திருக்கிறது. கண்ணாடியை உருக்கி, நடுவில் துளையோடு நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, திரும்பவும் சூடாக்கி விளிம்பை மழுக்குவது அந்த முறை. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அப்படி மணி செய்கிற வேலை நம் காலம் வரை இருந்திருக்கிறது. இன்றைக்குச் செக் நாட்டு யாப்லோனெட்சிலும் யப்பானின் ஹிரோஷிமாப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வருகிற மணிகளும் அடிப்படையில் இழுத்து நறுக்கிய குழல்தான்.

மணியால் மிருகம் செய்வது பல நாட்டிலும் உண்டு. மெக்சிக்கோவில் உயிச்சோல் மக்கள் மரத்தில் மிருகத்தைச் செதுக்கி, மேலே தேன்மெழுகு பூசி, அதில் ஒவ்வொரு மணியாகப் பதிப்பார்கள். அவர்களுடைய மானும் ஜாகுவாரும் அவர்களுடைய காட்டிலிருந்து வந்தவை. நாம் மரையும் மயிலும் செய்வோம். மணி எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன பிள்ளை?

செய்து ஒரு வருடத்தில் கிளி நிறம் மங்கி, கால் இற்றுவிட்டது. அவிழாமல் இருக்கப் பசை போட்டிருந்தேன்.
வாசகி, முல்லைத்தீவு

கடற்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். நிறம் பூசிய செப்புக் கம்பி வாங்குங்கள். தங்கூசி வெயிலில் இருந்தால் முறுகி வெடிக்கும், ஆகவே யன்னலில் தொங்க விட வேண்டாம். மங்கியது மணியின் மேலே பூசிய சாயமாக இருக்கும். ரோஸும் ஊதாவும்தான் கெதியாய் மங்குபவை. புது மணி வாங்கினால் ஒரு கடதாசியில் வரிசையாக ஒட்டி, பாதியை மூடி, இரண்டு கிழமை வெயிலில் வைத்துப் பாருங்கள். பசை போடாதீர்கள். பசை போட்டதைத் திருத்த முடியாது, உங்கள் கிளியும் அதனால்தான் இப்போது திருத்த முடியாமல் நிற்கிறது. முனையை நாலைந்து மணிகளுக்குள் திருப்பி விட்டு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு நறுக்கினால் போதும்.

என் மயிலை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். எவ்வளவு சொல்வது? மணிக்குச் செலவானதை மட்டும் வாங்கலாமா?
வாசகி, புதுக்குடியிருப்பு

வேண்டாம் தங்கச்சி. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மரை ஒன்றுக்கு எனக்கு 900 மணியளவில் செலவாகும். மணியின் விலை பெரிதில்லை. கோக்க 11 மணித்தியாலம் எடுக்கிறது. இந்த நேரத்தில் நான் கச்சான் பிடுங்கப் போயிருந்தால் ஒரு நாள் கூலியும் மேலேயும் கையில் இருக்கும். ஆகவே உங்கள் ஊரில் இந்த வருடம் கச்சானுக்கு என்ன கூலி கொடுக்கிறார்களோ அதை எடுங்கள். உங்கள் மயிலுக்கு எத்தனை நாள் போனது என்று எண்ணுங்கள். இரண்டையும் பெருக்கி, மணி, கம்பி, பஸ் காசைச் சேருங்கள். அந்தத் தொகையைத் தயங்காமல் சொல்லுங்கள். வாங்குகிறவர் கூட என்றால் மயில் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு கடை 14 மிருகங்களை விற்றுத் தருவதாக வாங்கியது. விற்றதற்கெல்லாம் மணிச் செலவை மட்டும் கணக்குப் பார்த்து நீட்டினார்கள். விற்காமல் திரும்பி வந்த நாலில் இரண்டுக்குக் கண் இல்லை. அன்றிலிருந்து எழுத்தில் விலை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த பிறகுதான் கடைக்குக் கொடுக்கிறேன். உங்களுடன் சேர்ந்து செய்கிற பெண்கள் இருந்தால் எல்லோரும் ஒரே விலை சொல்லுங்கள். ஒருவர் குறைத்தால் மற்றவர்களின் உழைப்பும் அதோடு போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ஆமை செய்ய ஆசை. வயலில் ஒரு ஆமையைக் கண்டேன், ஓட்டில் நட்சத்திரம் இருந்தது. அதற்கு எத்தனை மணி வேண்டும்?
தம்பி ஒருவர், துணுக்காய்

நீ கண்டது நட்சத்திர ஆமை தம்பி. அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வராதே, பார்த்து ஞாபகம் வைத்துக்கொள். அதன் ஓட்டில் நடுவில் 5 தட்டு, இரண்டு பக்கமும் நாலு நாலாக 8, மொத்தம் 13 பெரிய தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள், அதிலிருந்து மஞ்சள் கோடுகள்.

முதல் கேள்விக்கு நான் சொன்ன பந்தில் பாதியைச் செய்தால் ஓடு வந்துவிடும். ஐந்து, நாலு, மூன்று மூன்று மூன்று, இரண்டு. 20 மணி. நடு வட்டம் ஐந்தும் மஞ்சள், அதிலிருந்து வெளியே போகிற ஐந்தும் மஞ்சள், விளிம்பு 10ம் கறுப்பு. உன் ஓட்டில் ஒரே ஒரு நட்சத்திரம், ஆனால் பெரிய நட்சத்திரம். விளிம்பு மணிகள் பத்துக்குள்ளும் தங்கூசியை ஒரு சுற்று விட்டு அம்மாவைக் கொண்டு இறுக்கச் சொல். பிறகு முன்னுக்குத் தலை 3 மணி. பக்கத்துக்கு இரண்டு காலாக நாலு கால், ஒவ்வொன்றும் 2 மணி. ஒவ்வொரு தரமும் கடைசி மணியை விட்டுவிட்டு மற்ற மணிகளுக்குள்ளால் திரும்பி வா. அந்தக் கடைசி மணிதான் பாதம். வாலுக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து 32. 8ஆம் நம்பர் மணி எடு, கறுப்பில் இரண்டு மூன்று கூட வைத்துக்கொள், கட்டாயம் ஒன்று பாய்க்குக் கீழே போகும். செய்து முடித்ததும் அதன் படத்தை எனக்கு அனுப்பு.